கார்டூன் பயிரில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப்பில், மால்மஸ்பரிக்கு வடக்கே எங்கள் ஆட்டுப் பண்ணையில் எட்டு வருடமாகக் கார்டூன் நிற்கிறது. கூனைப்பூவுக்கு (ஆர்டிசோக்) நெருங்கிய சொந்தம். சாம்பல் பூத்த பச்சை இலை, ஆளைவிட உயரமாக எழும் தண்டு, உச்சியில் ஊதாப் பூ. குளிர்காலத்தில் இலை ஆடுகளுக்கு, கோடையில் காய்ந்த தண்டு கொட்டகை அடுப்புக்கு. 2022, 2023 மின்வெட்டுக் காலத்தில் பால் பாத்திரம் கழுவ எங்களுக்கு வெந்நீர் கொடுத்தது இந்தத் தண்டுதான். அதைப் பார்த்துவிட்டுக் கேப் டவுன் ரைலண்ட்ஸ் கோயிலில் சந்திக்கிறவர்களும் டர்பன் பக்கத்துச் சொந்தக்காரர்களும் விதை போட்டார்கள். வருடா வருடம் அதே கேள்விகள் வருகின்றன. எது அடிக்கடி வருகிறதோ அதை முதலில் வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது குளிர்காலத்தில் உழைத்துக் கோடையில் தூங்கும் செடி. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஏப்ரல், மே மழையில் துளிர்க்கும். ஆகஸ்ட் வரை தரையோடு இலை விரிக்கும். செப்டம்பரில் தண்டு எழும்பும். நவம்பர், டிசம்பரில் பூக்கும். ஜனவரி, பிப்ரவரியில் மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும், வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கை மறந்ததால் வந்தவை.

அறிகுறி: மழை வந்தும் தூர் துளிர்க்கவில்லை

செத்துவிட்டது என்று உடனே உழுதுவிடாதீர்கள். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழி தோண்டி, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வேரை நகத்தால் கீறிப் பாருங்கள். பத்துத் தூராவது பார்க்க வேண்டும். ஒன்றிரண்டை வைத்து முடிவு செய்ய முடியாது.

*வேர் உள்ளே வெள்ளையாக, விறைப்பாக இருக்கிறது.* உயிர் இருக்கிறது. மழை மேல்மண்ணை மட்டும் நனைத்திருக்கும். ஒரு சாண் ஆழத்தில் மண் பொடியாக உதிர்ந்தால் இன்னும் காத்திருங்கள். ஏப்ரல் கடைசியிலும் அப்படியே இருந்தால் ஒரே ஒரு ஆழமான தண்ணீர் விடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

*வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கிறது.* கோடையில் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. குழாய்க் கசிவு, பக்கத்துத் தோட்டத்துத் தெளிப்பான், ஆட்டுத் தொட்டி வழிவது எல்லாவற்றையும் பாருங்கள். எங்கள் வீட்டில் இது நடந்த விதம் இன்னும் மனதில் நிற்கிறது. மூன்றாம் வருடம் மாமனார் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டிலிருந்து வந்து தங்கியிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கரும்போடு இருந்தவர். ஜனவரி அறுவடை முடிந்த நான்காம் நாள் காலை, குழாயை இழுத்துப் போட்டு மேற்குப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "மாமா, இதுக்கு இப்போ தண்ணி வேண்டாம்" என்றேன். "மறுதாம்புக்குத் தண்ணி காட்டாம எப்படிம்மா துளிர்க்கும்?" என்றார். அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதுதான் மறுதாம்பு. கரும்புக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. நானும் அழுத்திச் சொல்லவில்லை. மூன்று வாரம் தண்ணீர் போனது. மே மாதம் கிழக்குப் பாத்தி பச்சைப் பசேலென்று நின்றது. மேற்குப் பாத்தியில் மூன்றில் ஒரு பங்குகூட எழவில்லை. ஒரு தூரைத் தோண்டி வேரைப் பிடித்து இழுத்தேன். தோல் மட்டும் கையோடு உருவிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தது கனிந்து போன வாழைப்பழம் மாதிரி விரல் நடுவே நசுங்கியது. மாமனார் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து அழுகிய தூர்களை என்னோடு சேர்ந்து தோண்டிப் போட்டார்.

சூடான மண், ஈரம், தூங்கும் வேர் மூன்றும் சேர்ந்தால் அழுகல் நிச்சயம். மருந்து ஊற்றிப் பயனில்லை. அழுகியதை அகற்றுங்கள், அதே குழியில் அந்த வருடம் விதைக்காதீர்கள். நேட்டால் கடலோரத்தில் கோடையில்தான் மழை என்பதால் அங்கே இது ஓயாத தொல்லை. டர்பனிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் நேப்பியர் புல்லைத்தான் சொல்கிறேன்.

*வேரே இல்லை, குழிதான் இருக்கிறது.* முள்ளம்பன்றி. ராத்திரி வந்து தோண்டித் தின்றுவிடும். மணல் நிலமாக இருந்து, வரிசையாக மண்மேடு தெரிந்தால் நிலத்தடி மண்ணெலி. முள்ளம்பன்றிக்கு வேலியின் அடிக்கம்பியை மண்ணுக்குள் புதைப்பது உதவும். விஷம் வைக்காதீர்கள், உங்கள் நாயும் ஆந்தையும்தான் முதலில் சாகும்.

*தூரின் தலை சிதைந்திருக்கிறது.* தரையோடு ஒட்ட அறுத்திருக்கிறீர்கள். துளிர்க்கும் மொட்டுகள் தூரின் கழுத்தில் இருக்கின்றன. கோடை அறுவடையில் 10 முதல் 15 செ.மீ. கட்டை விட்டு அறுங்கள்.

பாத்தி முழுக்க வேர் வெள்ளையாக இருந்து, நல்ல மழைக்குப் பின் ஆறு வாரம் கடந்தும் துளிர் இல்லையென்றால் வேளாண் விரிவாக்க அலுவலரைக் கூப்பிடுங்கள். அழுகல் கோடைத் தண்ணீர் படாத இடத்திலும் பரவினால், அரைகுறையாக அழுகிய வேரை மண்ணோடு பையில் கட்டித் தாவர நோய் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முழுதும் அழுகியதில் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அறிகுறி: விதைத்தது சொட்டை சொட்டையாக முளைத்திருக்கிறது

முதலில் எந்த மாதம் விதைத்தீர்கள்? ஸ்பெயின், இத்தாலி நாட்டுக் குறிப்புகளைப் படித்துச் செப்டம்பரில் விதைத்தவர்கள் நிறைய. அவர்களுடைய செப்டம்பர் நமக்கு மார்ச். இங்கே செப்டம்பரில் விதைத்தால் நாற்று பிஞ்சு வேரோடு கோடையில் மாட்டிக்கொள்ளும். மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை, மண்ணின் சூடு தணிந்த பிறகு விதையுங்கள். 30 டிகிரிக்கு மேல் சூடான மண்ணில் விதை அடைந்து கிடக்கும்.

அடுத்தது விதை. இருபது விதையை ஈரத் துணியில் மடித்து நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். பதினைந்துக்குக் குறைவாக முளைத்தால் விதைதான் பழுது. முளைத்தால் ஆழத்தைப் பாருங்கள். 2 முதல் 3 செ.மீ. போதும், அதற்குமேல் போனால் மேலே வர முடியாது.

முளைத்த பிறகு நாற்று தரையோடு வெட்டுப்பட்டுக் கிடந்தால் வெட்டுப்புழு. ராத்திரி டார்ச் எடுத்துப் போய் மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும். இலையைச் சுரண்டித் தின்ற தடமும் பளபளக்கும் கோடும் இருந்தால் நத்தை.

சொட்டையை நிரப்ப அதே வருடம் ஜூனில் விதைக்காதீர்கள். பெரிய செடி நிழல் போட்டுச் சின்னதை அமுக்கிவிடும். சின்னக் குவளையில் நாற்று வளர்த்து அடுத்த ஏப்ரலில் நடுங்கள். ஏக்கருக்கு 4000 செடி, அதாவது சதுர மீட்டருக்கு ஒன்று, எங்கள் நிலத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

அறிகுறி: முதல் வருடம் தண்டே எழவில்லை

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. பிந்தி விதைத்த செடி முதல் வருடம் இலைக்கொத்தாகவே நிற்கும். முதல் வருடம் வேருக்கான வருடம். அந்த இலையை ஆட்டுக்கு அறுத்துவிட்டால் இரண்டாம் வருடமும் தண்டு இராது. முழு விளைச்சல் இரண்டாம், மூன்றாம் வருடத்திலிருந்துதான் வரும். மூன்றாம் வருடமும் எழவில்லை என்றால் மண் ஆய்வுக்குக் கொடுங்கள்.

அறிகுறி: குளிர்காலத்தில் இலை மஞ்சளித்துத் தொங்குகிறது

*அடி இலை மட்டும் மஞ்சள், குருத்து பச்சை.* பழைய இலை உதிர்கிறது. விட்டுவிடுங்கள். எல்லாச் செடியிலும் அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. மக்கிய ஆட்டெரு போடுங்கள்.

*பகலில் செடி முழுக்கத் துவண்டு, மண்ணோ சொதசொத.* இந்த வட்டாரத்தில் மேலே சன்னமான மண், கீழே ஷேல் பாறையும் களிமண் அடுக்குமாக இருக்கும் நிலம் அதிகம். ஜூலை மழை கீழே இறங்காமல் வேரைச் சுற்றி நிற்கும். மழை விட்ட மறுநாள் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். ஒரு நாள் கழித்தும் குழியில் தண்ணீர் நின்றால் அதுதான் காரணம். சரிவை ஒட்டி வடிகால் வெட்டுவது முதல் வேலை. அடுத்த விதைப்பில் பார் அணைத்து மேட்டில் விதைப்பது இரண்டாவது. களிமண் அடுக்கை ஆழ உழவால் உடைப்பது கடைசி. அது காசு கேட்கும் வேலை, தப்பான ஈரத்தில் செய்தால் நிலம் இன்னும் கெட்டிப்படும். அதற்கு முன் மண் தெரிந்த ஒருவரை நிலத்துக்கே அழைத்து வாருங்கள்.

*செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடுகிறது.* தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் பூஞ்சை. தக்காளி, உருளை, கத்தரி போட்ட நிலத்தில் வரும், மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். மருந்து இல்லை. அந்த நிலத்தில் கோதுமை, ஓட்ஸ் போடுங்கள்.

அறிகுறி: இலையில் ஓட்டை, பிசுபிசுப்பு

பிசுபிசுப்பும் எறும்பும் சேர்ந்திருந்தால் அசுவினி. இலையின் அடியில் பாருங்கள். பொறிவண்டு கண்ணில் பட்டால் ஒரு வாரம் பொறுங்கள், பெரும்பாலும் அது முடித்துவிடும். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், எத்தனை நாள் ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று டப்பாவில் போட்டிருப்பதை வரி விடாமல் படியுங்கள்.

மேற்குக் கடலோரத்தில் பெரிய எதிரி வெள்ளை நத்தை. கோடையில் வேலிக் கம்பத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அப்போதே சுரண்டி எடுத்துவிட்டால் குளிர்காலத் தொல்லை பாதி தீர்ந்தது. ஸ்டெல்லன்போஷ் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் நத்தை தின்ன வாத்துகளை வரிசை வரிசையாக விடுகிறார்கள். நாங்கள் பன்னிரண்டு வாத்து வைத்திருக்கிறோம். நத்தைக்கான மெட்டால்டிஹைடு குருணையை ஆடு மேயும் நிலத்தில் போடவே கூடாது. நாய்க்கும் ஆட்டுக்கும் அது உயிர்க்கொல்லி.

அறிகுறி: ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகுகிறது

முதலில் முள். கையுறை இல்லாமல் இலை ஓரத்தைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையைக் கிழித்தால் ஆட்டின் உதட்டையும் கிழிக்கும். தீவனத்துக்கு விளைவிக்கும் வகையில் முள் குறைவு, காட்டு வகையில் ஊசி மாதிரி மஞ்சள் முள். விதை வாங்கிய இடத்தில் காட்டுச் செடி பூத்திருந்தால் கலப்பு நேர்ந்திருக்கும். முள் மிகுந்த செடிகளை மட்டும் தோண்டி எடுங்கள், மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம்.

முள் இல்லையென்றால் கசப்பு. ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், வேப்பிலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. இளம் இலையில் கசப்பு குறைவு, தண்டு எழும்ப ஆரம்பித்தால் ஏறிவிடும். ஆகவே ஜூன், ஜூலையிலேயே அறுங்கள். அறுத்ததை ஒரு நாள் வாட விட்டு, சிறிதாக நறுக்கி, ஓட்ஸ் வைக்கோலோடு கலந்து கொடுங்கள். முதல் வாரம் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்கு மேல் நான் போனதில்லை. எங்கள் பழைய பெட்டை ஆடு ஒன்று இருந்தது. மற்ற ஆடுகள் தயங்கும்போது அது நேராக வந்து நடு நரம்பை மொறுமொறுவென்று கடிக்கும், அதைப் பார்த்துத்தான் மற்றவை வாய் வைக்கும். பழகிய ஆடு ஒன்றைப் பழகாததுகளோடு கட்டுவது எந்த வெல்லப்பாகையும்விட நன்றாக வேலை செய்கிறது.

பால் கசந்தால் கறந்த பிறகு கொடுங்கள்.

குளிர்கால அறுப்பில் 8 முதல் 10 செ.மீ. விட்டு அறுங்கள், குருத்தைத் தொடாதீர்கள், ஜூலையோடு நிறுத்துங்கள். அறுத்த செடி கோடையில் குறைவான தண்டுதான் கொடுக்கும். இதைத் தவிர்க்க வழியே இல்லை. நாங்கள் நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு வருடம் தீவனத்துக்கு அறுத்த பாதியை மறு வருடம் விறகுக்கு விட்டுவிடுகிறோம்.

தின்ற பிறகு ஆடு நடுங்குகிறது, வேகமாக மூச்சு வாங்குகிறது

இங்கே சோதனைக்கெல்லாம் நேரமில்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். சாக்லேட் மாதிரி பழுப்பாக இருந்தால் நைட்ரேட் நஞ்சு. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் கையில் இதற்கு ஊசி உண்டு, மணிக்கணக்கில் தாமதித்தால் பயன்படாது. மிச்ச ஆடுகளை அந்தத் தீவனத்திலிருந்து விலக்கி, ஓட்டாமல் நிழலில் நிறுத்துங்கள். தழைச்சத்து உரம் போட்ட சில நாளில், மேகமூட்டமான குளிர் நாட்களில் அறுத்த இலையில் இந்த ஆபத்து அதிகம். பசித்த ஆட்டுக்கு ஒரே மூச்சில் கொடுப்பது இன்னும் ஆபத்து.

அறிகுறி: சைலேஜ் நாறுகிறது

சைலேஜ் என்பது காற்றுப் புகாமல் குழியில் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம். நல்ல சைலேஜ் புளித்த மாவு மாதிரி மணக்கும். வாந்தி வாடை வந்தால் ஈரம் அதிகம். கார்டூன் இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெட்டியதும் நேராகக் குழியில் போட்டால் கெடும். ஒரு பிடி நறுக்கிய இலையை இறுகப் பிழியுங்கள். சாறு சொட்டினால் இன்னும் வாட வேண்டும், கை நனைந்து மட்டும் இருந்தால் சரி. வாட வெயில் இல்லாத ஜூலையில் நறுக்கிய வைக்கோலைக் கலந்து, கொஞ்சம் கரும்புப் பாகு தெளித்து மிதியுங்கள். அமில அளவு காட்டும் தாளில் 4.2 அல்லது அதற்குக் கீழே வந்தால் தேறிவிட்டது.

மேலே மட்டும் பூசணம் என்றால் காற்றுப் புகுந்திருக்கிறது. அந்த அடுக்கையும் அதற்குக் கீழே ஒரு சாணையும் எடுத்து எருக்குழியில் போடுங்கள். கெட்ட சைலேஜ் தின்ற செம்மறி தலையைச் சாய்த்து ஒரே வட்டமாகச் சுற்றினால் அது லிஸ்டீரியா என்ற கிருமி நோய். மருத்துவரைக் கூப்பிட மறுநாள் காலைவரை காத்திருக்காதீர்கள். அந்த ஆட்டை வெறும் கையால் தொடவும் வேண்டாம்.

அறிகுறி: அடுப்பில் புகைகிறது, சாம்பல் கட்டியாக இறுகுகிறது

புகைந்தால் தண்டு காயவில்லை. ஒன்றை முழங்காலில் வைத்து ஒடியுங்கள். படாரென்று முறிய வேண்டும், நார் பிரிந்து தொங்கினால் இன்னும் ஈரம். ஜனவரிக் கடைசிக்குப் பிறகு, பனி விலகிய நண்பகலில் அறுங்கள்.

காய்ந்தும் அடுப்புக்குள் கண்ணாடி மாதிரி கட்டி படிந்தால் காரணம் சாம்பல். நல்ல விறகில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். கார்டூனில் அது பல மடங்கு, மண் ஒட்டியிருந்தால் இன்னும் கூடும். வாரிக் குவிக்கும்போது தரையைச் சுரண்டாதீர்கள். இலையை உதறிவிட்டுத் தண்டை மட்டும் எரியுங்கள். தீயை மிதமாக வையுங்கள். அப்புறமும் கட்டி பிடித்தால் பாதிக்குப் பாதி ரூய்க்ரான்ஸ் விறகு கலவுங்கள். வேற்று நாட்டுக் களைமரம் என்று அதை எங்கும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், விலையும் மலிவு. சாம்பலை வீசாமல் நிலத்துக்கே கொண்டுபோங்கள், செடி எடுத்த சாம்பல்சத்து அதில்தான் இருக்கிறது.

புகைக்குழாயில் துரு செதில் செதிலாக வந்தால் அது இந்தச் செடியில் உள்ள குளோரின் செய்யும் வேலை. குழாயைத் தட்டிப் பாருங்கள். மெலிந்த சத்தம் கேட்டால் மாற்றுவதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். நீராவி அழுத்தக் கொதிகலனாக இருந்தால் திருகாணியைக்கூட நீங்கள் தொட வேண்டாம்.

*அடுக்கி வைத்த கட்டு சூடாகிறது.* ஈரத்தோடு கட்டியது உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. இரும்புக் கம்பியைக் குத்தி வைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடென்றால் வெப்பமானி விட்டுப் பாருங்கள். 55 டிகிரி என்றால் தினம் பாருங்கள். 65 என்றால் சில மணிக்கொரு முறை. 80 என்றால் தீயணைப்புக்கு ஃபோன் போடுங்கள், அவர்கள் வரும்வரை போரைப் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்ட கணம் பற்றிக்கொள்ளும். பிப்ரவரித் தென்கிழக்குக் காற்றில் ஒரு போர் பற்றினால் பக்கத்துப் பண்ணையும் போய்விடும்.

அறிகுறி: வேலிக்கு வெளியே முளைக்கிறது

இதை நான் மற்ற எதையும்விடக் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். 1830களில் அர்ஜென்டினா, உருகுவே பக்கம் பயணம் செய்த டார்வின், கண்ணுக்கெட்டிய தூரம் மனிதனும் மிருகமும் நுழைய முடியாதபடி இந்தச் செடி மூடிக் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுபோனதுதான். ஃபைன்போஸ் என்ற நம் கேப்பின் புதர்க்காட்டுச் செடிகளில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. விதைக்கும் முன்பே 2004ஆம் வருடத்து உயிர்வளச் சட்டத்தின் கீழ் வரும் அயல் செடிப் பட்டியலை விரிவாக்க அலுவலரோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பட்டியல் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது, ஒருமுறை பார்த்தது போதாது.

காரணம் எப்போதும் ஒன்றுதான்: பூத்தலை பஞ்சு வெடிக்கும்வரை நின்றுவிட்டது. டிசம்பர் கடைசியிலிருந்து வாரம் இருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு தலையைக் கிள்ளி இழுத்தால் பஞ்சு பிரிந்து வந்தால் நேரம் கடந்துகொண்டிருக்கிறது. தண்டு முழுதும் காயாவிட்டாலும் தலைகளை மட்டும் அறுத்துச் சாக்கில் கட்டுங்கள். விதையில் நூற்றுக்கு 25 பங்கு எண்ணெய் உண்டு, ஆட்டியெடுக்கலாம். பூவாக இருக்கும்போதே ஊதா இழைகளைப் பறித்து உலர்த்தினால் பால் திரிக்க உதவும். போர்ச்சுகலில் செம்மறிப் பால்கட்டிக்கு இதைத்தான் போடுகிறார்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் வேண்டாம் என்கிற சைவக்காரர்கள் எங்களிடம் டிசம்பரில் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

வெளியே முளைத்ததை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். முதல் மழை பெய்த மூன்றாம் வாரம், மண் இளகியிருக்கும்போது, கழுத்துக்குக் கீழே ஒரு முழம் ஆழம்வரை வேரோடு தோண்டி எடுங்கள். ஓடைக்கரையிலோ அடுத்தவர் நிலத்திலோ இருபது செடிக்கு மேல் கண்டால் நீங்களே மருந்தடிக்காதீர்கள். நிலத்துக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லி, களை ஒழிப்பில் பதிவு பெற்றவரை அழைத்து வாருங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் வருடா வருடம் மே முதல் ஞாயிறு, வேலியை ஒட்டி வெளிப்பக்கமாக இருநூறு அடி அகலத்துக்கு நடந்து பார்க்கிறோம். போன மே மாதம் நான்கு செடி கிடைத்தது, நான்கும் வடக்கு மூலையில், ஆட்டுத் தடத்தின் ஓரத்தில்.